15 வயதில் குப்பை, 50 வயதில் பொக்கிஷம்

ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் ஒரு மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. 1912ஆம் ஆண்டு சில்வர் கோஸ்ட். ஆர்டர் கொடுத்தவர் ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான். கார் கைக்கு வருவதற்குள், 1911 ஆகஸ்டில், அவர் காலமாகிவிட்டார். மகன் உஸ்மான் அலி கானுக்கு வந்து சேர்ந்தது. பின்னால் சாதாரண இருக்கை கிடையாது, சிம்மாசனம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அது ஓடிய தூரம் சில நூறு மைல்தான். ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதில்லை, ஒரு பிரசவ வலிக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில்லை, ஒரு அரிசி மூட்டை ஏற்றியதில்லை. ஆகவே அது பாரம்பரியம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பார்த்துவிட்டு வருகிறோம்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் என் வீட்டு வாசலில் 1986 மாடல் காண்டெஸா ஒன்று நிற்கிறது. மேலே சொன்ன மூன்று வேலையும் செய்த வண்டி. ஆகவே அது குப்பை. இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. இந்திய அரசின் அபிப்பிராயம்.

மோட்டார் வாகன விதிகளைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள், எழுதியவர்களின் நகைச்சுவை உணர்வுக்கு வணக்கம் வைக்கத் தோன்றும். காருக்கு 15 வயது முடிந்தால் பதிவு முடிந்துவிடும். அதற்குமேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் வரை அதற்குக் கட்டணம் 600 ரூபாய். ஏப்ரல் 1 முதல் 5,000. அதுவும் போதவில்லை என்று 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். மூன்றரை வருஷத்துக்குள் பதினாறு மடங்குக்கு மேல். இதன் தலையில் மாநில அரசின் பசுமை வரி தனி. அந்த வரியில் பச்சையாக இருப்பது ரூபாய் நோட்டு ஒன்றுதான்.

அதே காருக்கு 50 வயது ஆகட்டும், கதை மாறிவிடும். 2021 ஜூலையில் வந்த விதிப்படி அது 'விண்டேஜ்'. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று பட்டம் ஏறும். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குப் பதிவு. ஒரே ஒரு நிபந்தனை: அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், விண்டேஜ் பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். மகளைக் கல்லூரியில் விடப் போகக்கூடாது.

ஓடுகிறவரை குப்பை. பொக்கிஷம் ஆகிவிட்டால் ஓடக்கூடாது. நடுவில் இருக்கும் 35 வருஷம்? அந்த வயதில் ஒரு கார் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவே இல்லை. இருக்கக் கூடாது என்று மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ரசீது போட்டுச் சொல்கிறது.

இந்த இடைவெளியில் அச்சுப் பிசகாமல் போய் விழுந்த வண்டி காண்டெஸா. 80களின் தொடக்கத்தில் பிறந்து 2002இல் நின்றுபோன மாடல். ஆகவே இன்று நாட்டில் 20 வயதுக்குக் கீழே ஒரு காண்டெஸாகூடக் கிடையாது, 50 வயதைத் தொட்டதும் ஒன்றுகூடக் கிடையாது. மொத்தக் குலமும் 10,000 ரூபாய்ப் பட்டியலில். கடைசியாகப் பிறந்தது 'வி.ஏ.' பட்டம் வாங்க 2052 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கட்டணத்தில் இன்னும் எத்தனை பூஜ்யம் சேருமோ, அது நிதித்துறைக்கே வெளிச்சம்.

காண்டெஸாவை இந்தியாவின் மசில் கார் என்று சொல்வது வழக்கம். சொல்லும்போது எங்களுக்கே கொஞ்சம் சிரிப்பு வரும். அமெரிக்காவில் மசில் கார் என்றால் 60களின் டாட்ஜ் சார்ஜர்: 7 லிட்டர் வி8 எஞ்சின், 425 குதிரைத் திறன். நம்முடையது எப்படிப் பிறந்தது? இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனி 70களில் விற்றுத் தீர்த்து, வேண்டாம் என்று நிறுத்திய விக்டர் மாடலை பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வந்தது. மேற்கு வங்கம் உத்தர்பாராவில் அதற்குப் புது ஜென்மம். நீண்ட பானட், முன்னால் ஜோடி ஜோடியாக விளக்கு, அகன்ற தோள். உள்ளே? அம்பாஸடருக்குப் போட்ட அதே 1,489 சி.சி. எஞ்சின், 50 சொச்சம் குதிரை. மூக்கு சார்ஜருடையது, மூச்சு அம்பாஸடருடையது. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் உருவத்துக்கு ஏற்ற உயிர் வந்தது. மந்திரிகள் ஏறினார்கள், சினிமா தயாரிப்பாளர்கள் ஏறினார்கள். தமிழ்ப் படமோ தெலுங்குப் படமோ, கடத்தல்காரன் வந்து இறங்குவது காண்டெஸாவில்தான். கதாநாயகன் ஆட்டோவில் வருவான். அந்தக் காலத்து நீதி அப்படி.

எங்கள் வண்டி அப்பா வாங்கியது. பல வருஷம் ஓடி, சில வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்து, ஒரு நாள் டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, தெருவின் தரை. துரு தின்ற இடத்தில் எந்தக் காலத்து டிங்கரோ தகரத் துண்டை ரிவிட் அடித்து, மேலே தாரைப் பூசி மூடியிருந்தான். முஷீராபாத் பக்கம் ஒரு பட்டறையில் கொண்டுபோய்ப் பிரித்தோம். பெயிண்டைச் சுரண்டினால் கருப்புக்குக் கீழே மரூன், மரூனுக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி. அந்தப் பட்டியைத் தட்டி உதிர்த்தபோது பின் மட்கார்டே பாதி உதிர்ந்தது.

அந்தப் பட்டறை உஸ்தாத் வேலை செய்வதை எந்த என்ஜினீயரிங் கல்லூரியிலும் பாடமாக வைக்கலாம். புதுத் தகட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, கத்திரியால் வெட்டி, மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவருவார். அச்சு கிடையாது, வரைபடம் கிடையாது. பக்கத்துக் கதவின் வளைவை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அதே வளைவு இதிலும் வரும்வரை தட்டல். பிறகு கேஸ் வெல்டிங். ஒரு அங்குலம் ஒட்டியதும் ஈரத்துணியை அழுத்துவார், சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. எஞ்சின் ஓடும்போது நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டாப்பெட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். பழைய வண்டிக்குப் பத்தாயிரம் கட்டணம் என்று நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "சாப், அந்த மந்திரியிடம் 10-11 ரிங் ஸ்பேனர் எது, 12-13 எது என்று கேளுங்கள். சரியாக எடுத்துக் கொடுத்தால் இருபதாயிரமாகவே கட்டிவிடலாம்" என்றார்.

பொருள் தேடிய கதை தனி. இசுசு எஞ்சினை அம்பாஸடரின் 1800 மாடலிலும் போட்டார்கள் என்பதால் பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் பழைய டாக்சி சாமான் கடைகளில் கிடைத்துவிடும். ராணிகஞ்சிலும் கோஷாமஹலிலும் அலைந்தால் கிளட்ச் பிளேட் கிடைக்கும். கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங், பின் விளக்கு, கதவு, இவற்றுக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் சென்னை புதுப்பேட்டை கைகொடுத்தது. கூவத்துக்கரையில், எழும்பூருக்குப் பக்கத்தில், ஒரு நட்டுகூட வீணாகாமல் வண்டிகளைப் பிரித்து, அடுக்கி, விலைபோட்டு, இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கிற தெரு. 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று டெல்லியில் கருத்தரங்கு நடத்துகிறவர்களுக்கு அது அசிங்கமான இடம், நாற்றம் தாங்காது. மூக்கைப் பொத்திக்கொண்டு கொள்கை எழுதினார்கள்.

எழுதிய கொள்கை என்ன? 2021 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் தொடங்கிவைத்த வாகன உடைப்புத் திட்டம். பழைய வண்டியை அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஒப்படைத்தால், அதே ரகப் புதுக் காரின் விலையில் 4 முதல் 6 சதவீதம் கைக்கு வரும், கூடவே ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி. கவனியுங்கள், புதுக் கார் வாங்கினால். பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டு, இனிமேல் பஸ்ஸில் போகிறேன் என்கிற பைத்தியக்காரனுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. இந்தத் திட்டத்தால் வாகனத் தொழிலின் வருவாய் 4.5 லட்சம் கோடியிலிருந்து 10 லட்சம் கோடியாக உயரும் என்று அமைச்சர் நிதின் கட்கரி அப்போதே சொன்னார். உள்ளதைச் சொன்னதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். காற்று எத்தனை சுத்தமாகும் என்பதைவிடக் கல்லா எத்தனை நிறையும் என்பதில் கணக்கு துல்லியமாக இருந்தது. ஒரு புதுக் கார் ஷோரூமுக்கு வந்து நிற்பதற்குள், எஃகு உருக்கியதிலும் பிளாஸ்டிக் வார்த்ததிலும் பல டன் கரியமில வாயு போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் என் வண்டி அந்த டன்களை எட்ட எத்தனை வருஷம் ஓட வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? போடமாட்டார்கள். போட்டால் விடை பிடிக்காது.

காகிதத்தில் இது தகுதிச் சோதனையை வைத்து நடக்கும் திட்டம்தான்; சோதனையில் தேறிய வண்டியை உடைக்கச் சொல்லவில்லை என்பார்கள். உண்மை. ஆனால் கட்டணம் தகுதியைப் பார்த்தா ஏறுகிறது? பிறந்த தேதியைப் பார்த்து ஏறுகிறது. புகைச் சோதனையில் என் வண்டி தேறிவிட்டது. தேறினாலும் 10,000தான். புகை கக்கிக்கொண்டு முன்னால் போகும் ஒன்பது வயதுத் தண்ணீர் லாரிக்கு அந்தக் கவலை இல்லை, அது இன்னும் இளைஞன்.

டெல்லியில் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். 2025 ஜூலை 1 முதல் 10 வயது டீசல் வண்டிக்கும் 15 வயது பெட்ரோல் வண்டிக்கும் பங்கில் எரிபொருள் கிடையாது என்றார்கள். நம்பர் பிளேட்டைப் பிடிக்கக் கேமரா வைத்தார்கள். சில நாளில் ஊரே கொதித்தது, உத்தரவு பின்வாங்கியது. கொதித்தவர்களில் பென்ஸ்காரர்களும் இருந்தார்கள் என்பதால் அத்தனை சீக்கிரம் காதில் விழுந்தது.

இனி பெட்ரோல் கதை. இந்த ஒன்றை நினைத்தால்தான் எனக்கு ரத்தம் சூடாகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் இன்று பங்கில் ஊற்றுகிறார்கள். வேண்டாம், பழைய பெட்ரோல் கொடு என்று கேட்க வழியில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் டியூப், வாஷர், டயாபிரம் ஆகியவற்றை ஊறவைத்து இளக்கும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை 20,000, 30,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு கொஞ்சம்தான் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. செலவு கொஞ்சம்தான், பாகம் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. தயாரித்த தொழிற்சாலை 2014லேயே கதவடைத்துவிட்டது. இந்த எத்தனாலைக் காய்ச்சும் ஆலையை ஊருக்குள் விடமாட்டோம் என்று தெலங்கானாவின் நிர்மல் மாவட்டம் திலாவர்பூரில் 2024 நவம்பரில் ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதாவது, ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கும் வேண்டாம், டாங்க்கில் ஊற்றிக்கொள்பவனுக்கும் வேண்டாம். யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு வேண்டும். முதலில் கார்புரேட்டரைக் கெடுக்கிறார்கள். பிறகு ஏன் புகை வருகிறது என்று கேட்கிறார்கள். பிறகு அந்தப் புகைக்கு வரி போடுகிறார்கள். வழிப்பறிக்காரனாவது ஒரு தடவைதான் பிடுங்குவான்.

புதுப்பிப்புக்குப் போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் அது ஒரே அலுவலகம்தான். வாசலில் புரோக்கர், உள்ளே வரிசை, வரிசையில் நிற்பவனைப் பார்த்துப் புரோக்கருக்குச் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் வெயிலில் வந்து பானட்டைத் திறக்கச் சொன்னார். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சேசிஸ் நம்பரை எடுக்க வேண்டும். நாற்பது வருஷத்தில் பல பெயிண்டர்கள் அந்த எண்ணின் மேல் கோட்டிங் கொடுத்திருக்கிறார்கள். ஒரு இலக்கம் மூன்றா எட்டா என்று நெடுநேரம் ஆராய்ச்சி நடந்தது. கையால் எழுதிய பழைய ஆர்.சி. புக் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. "சார், பேசாம குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்குங்க, எதுக்கு இந்த அவஸ்தை" என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷர், உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். கொடுமையே அதுதான்: உள்ளே இருப்பவர் கெட்டவர் இல்லை, திட்டத்தின் முழு நோக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டவர்.

அதே தெலங்கானாவில் வேறு சில வண்டிகளுக்கு என்ன மரியாதை என்று பாருங்கள். 2024 நவம்பரில் வந்த மின்வாகனக் கொள்கைப்படி, 2026 முடியும்வரை மின்சாரக் காருக்குச் சாலை வரியும் இல்லை, பதிவுக் கட்டணமும் இல்லை. நல்லதுதானே என்பீர்கள். மின்சார ஸ்கூட்டரில் இட்லிப் பொட்டலம் கொண்டுபோகும் பையனுக்கு நல்லதுதான். ஆனால் கோடிக்கணக்கில் விலையுள்ள ஜெர்மன் மின்சாரக் காரில் ஜூபிலி ஹில்ஸிலிருந்து இறங்குகிறவருக்கும் அதே பூஜ்யம். அவர் சார்ஜ் போடும் மின்சாரத்தில் பெரும்பங்கு சிங்கரேணி நிலக்கரியில் வெந்தது. அந்தப் புகை கொத்தகூடம் பக்கத்து ஜனங்களின் மூக்குக்குப் போகிறது, ஜூபிலி ஹில்ஸுக்கு இல்லை. ஆகவே அவர் வண்டி சுத்தம். 2024 மே மாதம் ஹைதராபாதில் 9999 என்ற ஒரு நம்பர் 25 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு ஏலம் போனது. நான்கு ஒன்பதுகளுக்கு! இந்த ஊரில் காரைவிட அதன் தகரப் பலகைக்கு மதிப்பு அதிகம் என்று ஏலம் போட்டே நிரூபித்துவிட்டார்கள்.

2023 பிப்ரவரியில் ஹுசைன் சாகரைச் சுற்றி மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்தது. நெக்லஸ் ரோட்டை அடைத்து, ஊரை நாள்கணக்கில் சுற்றவிட்டு, உலகம் நம்மைப் பார்க்கிறது என்றார்கள். மறு வருஷப் பந்தயம் நடக்கவே இல்லை. சுமார் 55 கோடி ரூபாய் முறையில்லாமல் வெளிநாட்டுக்குப் போனது என்று ஊழல் தடுப்புப் பிரிவு 2024 டிசம்பரில் முன்னாள் அமைச்சர் மீது வழக்குப் பதிந்தது. அவர் மறுக்கிறார், அரசியல் பழிவாங்கல் என்கிறார். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மினிபஸ் வேகத்தில் அதே நெக்லஸ் ரோட்டில் போகிற என் காண்டெஸாவால் மக்கள் பணம் ஒரு ரூபாய்கூட நஷ்டமாகவில்லை என்பதை மட்டும் பணிவோடு பதிவு செய்துகொள்கிறேன்.

இத்தனைக்கும் இந்த ஊரின் அரசியலே ஒரு பழைய வண்டியை மறுபடி கட்டியதில் பிறந்தது. 1982 மார்ச் 29 அன்று என்.டி.ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்தார். அரதப் பழசான ஒரு செவர்லே வேனைப் பிடித்து, மேலே ஏறி நின்று பேச வழி செய்து, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்தார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்டினார். ஆந்திரம் முழுக்க அந்த வேன் சுற்றியது. குளித்ததும் சாப்பிட்டதும் ரோட்டோரத்தில். 1983 ஜனவரியில் 294 இடங்களில் 200க்கு மேல் ஜெயித்து, காங்கிரஸை வேரோடு பிடுங்கி, ராமராவ் முதலமைச்சர் ஆனார்.

இன்றைய விதிப்படி அந்த ரதம் வீட்டு வாசலைத் தாண்டியிருக்காது. வயது 15க்கு மேல், புதுப்பிக்க வேண்டும். பாடியை மாற்றியிருக்கிறார்கள், தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. சரி, விண்டேஜ் பட்டம் கேட்கலாமா? சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அதுவும் கிடையாது. ராமராவை முதல் சோதனைச் சாவடியிலேயே இறக்கி நடக்கவிட்டிருப்பார்கள். அந்த ரதத்தில் பிறந்த கட்சியின் 16 எம்.பி.க்கள்தான் இன்று மத்திய அரசுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறார்கள். தெலங்கானாவின் இப்போதைய முதல்வர் ரேவந்த் ரெட்டி அந்தக் கட்சியிலிருந்து வந்தவர். முன்னாள் முதல்வர் சந்திரசேகர ராவும் அங்கிருந்து வந்தவர். அக்கரையில் ஆளும் சந்திரபாபு நாயுடுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லோரும் ஒரு பழைய வேனில் தொற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்கள். இறங்கியதும் பழைய வேன்களுக்குக் கட்டணம் ஏறுவதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எஞ்சினில் மாற்றம் என்றேன். அதிலும் ஒரு கூத்து. முதலில் வந்த 1.5 லிட்டர் காண்டெஸாக்கள் மேட்டில் ஏறும்போது திணறும் என்பதால், பலர் பின்னால் வந்த இசுசு எஞ்சினைத் தூக்கிவைத்தார்கள். அந்த வண்டி நாற்பது வருஷம் தாக்குப்பிடித்ததே அந்த மாற்றத்தால்தான். ஆனால் 50 வயதில் பட்டம் வாங்கப் போனால், ஏனய்யா எஞ்சினை மாற்றினாய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரிஜினல் எஞ்சினோடு கொட்டகையில் கிடந்து மக்கியதற்குப் பட்டம் உண்டு. உயிரோடு வைத்திருந்தவனுக்கு இல்லை.

கடல் தாண்டிப் போனால்தான் அவமானம் முழுசாகத் தெரிகிறது. காண்டெஸாவின் தாயான வாக்ஸ்ஹால் விக்டர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 40 வயதான காருக்கு, பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால், சாலை வரி கிடையாது. வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. மழையில் குடையோடு கடைக்குப் போகிற கிழவி அதை ஓட்டிப் போகலாம். ஜெர்மனியில் 30 வயதானால் நம்பர் பிளேட்டில் 'எச்' எழுத்து, எஞ்சின் அளவு எதுவானாலும் வருஷத்துக்கு 191 யூரோ என்று ஒரே வரி. பழங்கால வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 30 வயதை எல்லையாக வைத்திருக்கிறது. தாய்க்கு அங்கே ஓய்வூதியம், மகளுக்கு இங்கே அபராதம். இதில் இன்னொரு விசேஷம்: 2025 தொடக்கத்தில் நம் அரசு 50 வயது தாண்டிய வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்ய வழிவிட்டது. 60களின் டாட்ஜ் சார்ஜரைக் கப்பலில் இறக்க வசதி உள்ளவருக்கு வரவேற்பு. உத்தர்பாராவில் பிறந்ததை ஓட்ட நினைப்பவனுக்கு வசூல்.

நிஜாமின் பேரன் முகர்ரம் ஜாவை இந்த ஊரில் பலர் கேலி செய்வார்கள். அரண்மனைகளை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை வாங்கி, புல்டோசர் ஓட்டிக்கொண்டும் எஞ்சின்களைப் பிரித்துக்கொண்டும் சொத்தைக் கரைத்தவர். 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் இறந்து, மெக்கா மசூதிக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அவர்மேல் கேலி இல்லை. இந்த ஊரை ஆண்ட பரம்பரையிலும் ஆளவந்த பரம்பரையிலும் கையில் கிரீஸ் படிந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

இப்போது அரசுக்கு நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 50 என்பதை 30 ஆக்குங்கள். கட்டணத்தைப் பிறந்த தேதியைப் பார்த்துப் போடாமல் புகையை அளந்து போடுங்கள். அப்போது தண்ணீர் லாரியும் வரிசைக்கு வரும், மந்திரி வாகன அணிவகுப்பும் வரிசைக்கு வரும். எத்தனால் கலக்காத பெட்ரோலை ஊருக்கு ஒரு பங்கிலாவது விலை கூட வைத்தே விற்கட்டும், வாங்கிக்கொள்கிறோம். பட்டறை உஸ்தாத்களுக்கும் புதுப்பேட்டைப் பையன்களுக்கும் ஒரு சான்றிதழ் கொடுங்கள். உங்கள் உடைப்பு மையங்கள் பேசும் மறுசுழற்சியை அவர்கள் உங்களுக்கு முன்பே செய்துகொண்டிருக்கிறார்கள். இதில் எதுவும் முடியாது என்றால், குறைந்தபட்சம் அந்த வரியின் பெயரிலிருந்து 'பசுமை' என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள்.

என் வண்டிக்கு இந்த வருஷம் மறுபடியும் புதுப்பிப்பு. 10,000 ரூபாயும் பசுமை வரியும் எடுத்துவைத்திருக்கிறேன், கட்டத்தான் போகிறேன். அடுத்தது 2031. அதற்கடுத்தது 2036, அப்போது வண்டிக்கு 50 வயது. உடைப்பு மையத்துக்கு மட்டும் போகாது.